மைனஸ் முப்பதில் கொண்டை கருகாமல்: கோழிக் கொட்டகையில் செய்த வேலைகள்

குளிரில் கோழிக்குக் கொண்டை கருகுகிறது என்றால் பலருக்கும் கை முதலில் போவது ஹீட்டர் பக்கம், அடுத்தது சந்து பொந்தை அடைக்கும் நுரை டப்பா பக்கம். நான் செய்தது இரண்டுக்கும் நேர் எதிர். காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டியிருந்த கொட்டகையில் ரம்பத்தை வைத்து, கூரைக்குக் கீழே ஏறக்குறைய பத்துச் சதுர அடியைத் திறந்து விட்டேன். உள்ளே சூட்டுக்கென்று ஒரு விளக்குகூட மாட்டவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 31 வரை போனது. என்ன செய்தேன், எது வேலை செய்தது, எது வெறும் சம்பிரதாயம் என்பதை எழுதி வைக்கிறேன்.

இடம் கனடா, ஒட்டாவாவுக்கு மேற்கே ரென்ஃப்ரூ பக்கம். ஜனவரி, பிப்ரவரியில் மைனஸ் 20 இங்கே சாதாரண இரவு. வீடு வாங்கியபோது கூடவே வந்தது 8 அடிக்கு 10 அடி மரக் கொட்டகை, சராசரி உயரம் ஏழு அடி. முன்பு இருந்தவர் நல்ல எண்ணத்தில்தான் கட்டியிருக்கிறார்: சுவர் முழுக்க நுரைத் தகடு, அதன்மேல் பிளைவுட், கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, சந்தெல்லாம் ஸ்ப்ரே நுரை. (நுரைத் தகட்டைப் பிளைவுட்டால் மூடியது மட்டும் மிகச் சரி. கோழிக்கு அந்த வெள்ளை நுரை என்றால் அப்படி ஒரு பிரியம், வெளியே தெரிந்தால் கொத்திக் கொத்தியே சுவரைத் தின்றுவிடும்.) உள்ளே குடியிருப்பவர்கள் பதினொரு பேர்: சாண்டெக்ளேர் பெட்டை நான்கு, அதே இனத்துச் சேவல் ஒன்று, வையன்டாட் மூன்று, கோடு போட்ட பிளைமவுத் ராக் ஒன்று, வெள்ளை லெகார்ன் இரண்டு. இந்த லெகார்ன்களுக்குத்தான் நெட்டையான ஒற்றைக் கொண்டை, சரிந்து கண்ணை மறைக்கும் அளவுக்கு. கவலை முழுக்க அதுகள் மேல்தான்.

நவம்பர் கடைசியில் முதல் கடுங்குளிர் வந்த மறுநாள் காலையில் கொட்டகைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஓடு அடித்த ஆணிகளின் முனைகள் கூரையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருந்தன அல்லவா, ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கமும் அப்படித்தான். கீழே குந்தி உட்கார்ந்து மூச்சு இழுத்தால் மூக்கில் அமோனியா காரம் ஏறியது. நின்றபடி மோந்து பார்த்தால் போதாது, கோழி மூச்சு விடும் உயரத்துக்கு நம் மூக்கு இறங்க வேண்டும். மலிவான ஈரப்பதமானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டால் 93 சதவீதம் காட்டியது. குளிருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

காற்று எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் ஈரத்தைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்தில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மைனஸ் 20இல் ஏறத்தாழ ஒரு கிராம், அவ்வளவுதான். என் கொட்டகையின் கொள்ளளவு சுமார் 16 கன மீட்டர். ஆக, உள்ளே மைனஸ் 20 என்றால் மொத்தக் காற்றும் சேர்ந்து தாங்குவது 16 கிராம் தண்ணீர், மூன்று டீஸ்பூன் அளவு. ஒரு பெட்டைக்கோழி நாளைக்குக் கால் லிட்டர் வாக்கில் தண்ணீர் குடிக்கும். பதினொன்றும் சேர்ந்து இரண்டு லிட்டருக்கு மேல். அதில் முட்டையாகப் போவது போக மிச்சமெல்லாம் எச்சத்தின் வழியாகவும் மூச்சின் வழியாகவும்தான் வெளியே வருகிறது. எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கோழிகளின் உடம்புச் சூட்டில் உள்ளே கொஞ்சம் கதகதப்பு இருக்கும், காற்று இன்னும் சற்று அதிகம் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு எங்கேயும் கட்டுப்படியாகாது. அடைத்து வைத்தால் அந்த ஈரம் ஆணியில் படியும், கண்ணாடியில் படியும், அப்புறம் கொண்டையில் படியும். நனைந்த தோல் காய்ந்த தோலைவிடச் சீக்கிரம் உறையும்.

கோழிக்கு உடம்பில் சூடு பஞ்சமில்லை. இயல்பான வெப்பமே 41 டிகிரி, நமக்கு அது கடும் காய்ச்சல். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே அடைபட்ட காற்றே மெத்தை ரஜாய் எல்லாம். காலில்கூட இயற்கை ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது: கீழே இறங்கும் சூடான ரத்தமும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால், சூடு பாதத்துக்குப் போய் வீணாகாமல் மேலேயே திரும்பிவிடுகிறது. இறகே இல்லாமல் வெளியே நிற்பது கொண்டை, தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை), விரல்கள். கொண்டை வெயில் காலத்தில் உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்காக இருப்பது, அதனால் ரத்த ஓட்டம் அதிகம், தோல் மெல்லிசு. கடுங்குளிரில் உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற ஓரத்துக்கு ரத்தத்தைக் குறைக்கும், முதலில் பலியாவது கொண்டையின் நுனிகள். சேவலுக்குக் கொண்டையும் தாடியும் பெரிது, தண்ணீர் குடிக்கும்போது தாடி முங்கும், அதனால் பனிக்கடி (குளிரில் சதை உறைந்து கறுத்துப்போவது) வாங்குவதில் சேவலுக்குத்தான் முதலிடம்.

ஊரில் அம்மாவிடம் இதைப் போனில் சொன்னபோது "ஏன் கண்ணு, கோழிக்குக்கூடவா அங்க கம்பளி போடோணும்?" என்று கேட்டார். போடுகிறார்கள், கோழிக்கு ஸ்வெட்டர் பின்னி விற்கிறவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். வாங்காதீர்கள். அது இறகை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடும், நனைந்தால் காயாது, எங்கேயாவது மாட்டிக்கொள்ளும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். இங்கே கோழி வளர்ப்பவர்கள் கைக்கணக்காகச் சொல்வது ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி காற்றுத் திறப்பு. எனக்குப் பதினொன்று வேண்டும். கொட்டகையின் நீளவாட்டு இரண்டு பக்கமும், கூரை வந்து சுவரில் உட்காரும் இடத்துக்குக் கீழே, பத்தடி நீளத்துக்கு ஆறு அங்குல அகலத்தில் ஒரு பட்டையை வெட்டி எடுத்தேன். பக்கத்துக்கு ஐந்து சதுர அடி, இரண்டும் சேர்ந்து பத்து. நடுவில் வரும் நிலைச் சட்டங்களை வெட்டக்கூடாது, கூரையின் பாரம் அதில்தான் நிற்கிறது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் பலகையை மட்டும் எடுத்தேன், அதனால் கணக்கில் கொஞ்சம் குறையும். குறைந்ததைச் சரிக்கட்ட இரண்டு முக்கோண முகப்பிலும் உச்சியை ஒட்டி ஒவ்வொரு சாய்வுப் பலகை ஜன்னல். வெட்டுவதற்கு முன்னால் உள்ளே மின்கம்பி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ரெசிப்ரோ ரம்பத்தால் அறுத்தது, நுரைத் தகடு கத்தியிலேயே வந்துவிட்டது. அறுபட்ட விளிம்பில் நுரை தெரியும் இடத்தையெல்லாம் பலகைத் துண்டு வைத்து மூடினேன், காரணம் மேலே சொன்னதுதான்.

திறப்பு முழுவதும் அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ். சாதாரண அறுகோணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், எதிரியை வெளியே வைக்காது. இங்கே இருக்கும் மரநாய் ஜாதியில் வீசல் என்று ஒன்று, ஒரு அங்குல ஓட்டை கிடைத்தால் போதும், நுழைந்து ஒரே இரவில் கூட்டத்தையே முடித்துவிடும். ரக்கூன் என்றால் வலையைக் கையால் பிடித்து இழுத்தே பிய்த்துவிடும், அதனால் ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் அகலமான வாஷர் வைத்துத் திருகாணி போட்டேன். நான்கு விரற்கடைக்கு ஒன்று. கை வலித்ததைத் தவிர வேறு செலவு பெரிதாக இல்லை. மெஷ் சுருளும் திருகாணியும்தான் காசு, பலகையெல்லாம் கொட்டகையிலேயே கிடந்தது.

வெளிப்பக்கம் ஒவ்வொரு திறப்புக்கும் மேல்விளிம்பில் கீல் வைத்த பலகைக் கதவு, சாய்வாக நிற்கும்படி. அது இல்லாவிட்டால் காற்றோடு வரும் பனித்தூள் நேரே உள்ளே வந்து கூளத்தை நனைக்கும். எங்களுக்குக் குளிர்காலக் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து. பனிப்புயல் அன்று அந்தப் பக்கத்துக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு எதிர்ப்பக்கத்தை முழுசாகத் திறந்து வைப்பேன். இரண்டையும் ஒருசேர மூடுவது என்பது மட்டும் கிடையாது, எவ்வளவு குளிரானாலும்.

இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள், கோழி காற்றில் விறைத்துப் போய்விடாதா என்று. திறப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோழி உட்கார்ந்திருக்கும் தலைக்கு மேலே காற்று போய்வர வேண்டும், கோழியின் மேல் ஓடக்கூடாது. அதனால் உட்காரும் கட்டையை நாலடி உயரத்திலிருந்து இரண்டரை அடிக்கு இறக்கினேன். திறப்புக்கும் கோழித் தலைக்கும் நடுவில் இரண்டடிக்கு மேல் இடைவெளி. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தி, காற்று அடிக்கிற ஒரு மாலையில் கட்டையின் உயரத்தில் பிடித்துக்கொண்டு கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்ந்தேன். புகை நேரே மேலே போய், கூரைக்கு ஓரடி கீழே வளைந்து வெளியேற வேண்டும். கதவுப் பக்கத்து மூலையில் மட்டும் புகை கிடைமட்டமாக இழுத்தது, கதவின் அடியில் இருந்த இடுக்கு. அதை ஒரு பலகையால் அடைத்தேன். கீழே அடை, மேலே திற, இவ்வளவுதான் இதன் சூத்திரம். பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி எடுத்துக்கொண்டு கோழிக் கொட்டகைக்குப் போவதைப் பார்த்து வீட்டில் நல்ல கிண்டல்.

கட்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் ஊரில் உருண்டைக் கம்பு கட்டிவிடுவார்கள், அந்தத் தட்பவெப்பத்துக்கு அது போதும். இங்கே உருண்டைக் கம்பில் கோழி விரலை மடக்கிப் பிடித்தால் விரல் நுனிகள் அடியில் குளிரில் தொங்கும். இரண்டுக்கு நாலு மரச் சட்டத்தின் அகலப் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்தால் மூன்றரை அங்குலத் தட்டையான இடம் கிடைக்கும். கோழி அதில் பாதத்தைத் தட்டையாக வைத்து, வயிற்று இறகை அதன்மேல் இறக்கி உட்கார்ந்துகொள்ளும், ஒரு விரல்கூட வெளியே தெரியாது. இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய் எல்லாம் வேண்டவே வேண்டாம். விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டு மழுக்கினேன். பதினொரு கோழிக்குப் பத்தடிக் கட்டை ஒன்று, மேலும் ஆறடியில் இன்னொன்று அதே உயரத்தில். உயரம் வேறுபட்டால் மேல் கட்டைக்குச் சண்டை வரும்.

கட்டைக்குக் கீழே எச்சப் பலகை. இரவு முழுக்க விழுவது அதில் விழும், காலையில் சுரண்டி வாளியில் எடுத்துவிடலாம். மைனஸ் 15க்குக் கீழே போனால் எச்சம் கல்லாக உறைந்து சுரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாலே பெயர்ந்து வரும், மணமும் இருக்காது, குளிர்காலத்தில் இதைவிடச் சுகமான வேலை கொட்டகையில் வேறு இல்லை. பலகைமேல் சியோலைட் என்ற கனிமத் தூள் மெல்லிசாகத் தூவியிருக்கிறேன், அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளின் மொத்த ஈரத்தில் பெரும்பங்கு இப்படி தினமும் வாளியில் வெளியே போய்விடுகிறது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தரையில் ஆழ்கூளம். பைன் மரச்சீவல், ஆரம்பத்தில் ஆறு அங்குலம், குளிர்காலம் போகப் போக மேலே போட்டுக்கொண்டே வந்து ஓரடி. நாமக்கல் பக்கம் ஆழ்கூள முறையில் வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை, அங்கே நெல் உமியோ தேங்காய் நாரோ போடுவதை இங்கே மரச்சீவல் போடுகிறோம். வைக்கோல் மலிவு, ஆனால் நனைந்தால் படிந்து அடியில் பூஞ்சை பிடிக்கிறது. மாலையில் ஒரு கைப்பிடி மக்காச்சோளம் இறைத்துவிட்டால் கோழிகளே கூளத்தைக் கிளறிப் போட்டுவிடும். அந்தச் சோளத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: படுக்கப் போகும் முன் இரைப்பை நிறைந்திருந்தால் இரவு முழுக்கச் செரிமானச் சூடு கிடைக்கும். தீவனமும் குளிரில் கூடுதலாகத் தின்னும், அதைக் கணக்குப் பார்க்கக்கூடாது.

அடுத்தது தண்ணீர். இது கொட்டகைக்குள் இருக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். கோழி இருட்டில் குடிக்காது, இரவில் உள்ளே தண்ணீர் இருந்து யாருக்கு லாபம்? வெளியே கூரை போட்ட அடைப்பில் ஐந்து கேலன் வாளி, பக்கவாட்டில் கிடைமட்டமாகப் பொருத்தும் நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் விடும் முனை) நான்கு, உள்ளே வாளிகளுக்கென்று விற்கும் தெர்மோஸ்டாட் வைத்த சூடேற்றி. உறைநிலையை நெருங்கும்போது மட்டும் ஓடும், வெயில் நாளில் தானாக நின்றுவிடும். கீழே தொங்கும் நிப்பிள் வகை இந்தக் குளிரில் முனையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டு வகைதான் தாக்குப்பிடிக்கிறது. மைனஸ் 25க்குக் கீழே அதுவும் ஒன்றிரண்டு திணறியது, கெட்டிலில் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் சரியாகிவிடும். பெரிய லாபம் என்னவென்றால் கோழிகளின் தாடி நனைவதில்லை. திறந்த பாத்திரத்தில் தலையை விட்டுக் குடித்துவிட்டு, நனைந்த தாடியோடு வடமேற்குக் காற்றில் நின்றால் வேறு எதுவும் செய்ய வேண்டாம், பனிக்கடி உறுதி. மின்சாரத்துக்கு வெளிப்புறத்துக்கென்று உள்ள ஒயர், கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் சாக்கெட், இணைப்பு தரையில் கிடக்காமல் ஆணியில் மாட்டியிருக்க வேண்டும்.

அப்படியே ஒரு விளக்கையும் உள்ளே மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். 250 வாட் சிவப்பு விளக்கு, சுற்றிலும் காய்ந்த மரச்சீவல், இறகுத் தூசி, சிறகடித்துப் பறக்கும் கோழி. எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் இங்கே கொட்டகை எரிந்த செய்தி வருகிறது, அதில் இந்த விளக்கின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. தீ ஒருபக்கம். இங்கே பனிப்புயல் வந்தால் மின்சாரம் போவது சகஜம். சூட்டிலேயே பழகிய கோழி திடீரென்று மைனஸ் 20இல் நிற்கும்போது தாங்காது. குளிரோடு குளிராக இறகு அடர்ந்து வளர்ந்த கோழிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. குஞ்சுக்கும் நோயாளிக்கும் சூடு வேண்டும்தான், இலையுதிர் காலக் கடைசியில் இறகு உதிர்த்துவிட்டு அரைகுறையாக நிற்கும் கோழிக்கும் வேண்டியிருக்கலாம். அவற்றை வீட்டு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோவது மேல்.

வெளி அடைப்பின் மூன்று பக்கமும் தடித்த கண்ணாடித்தாள் பாலிதீன் கட்டினேன், கோழி உயரத்துக்கு மேலே ஓரடி வரை மட்டும். அதற்கு மேல் வலை திறந்தே இருக்கிறது. பகலில் வெயில் அடித்தால் காற்றுப்படாமல் அங்கே நின்று குளிர்காயும். தரையில் பழைய வைக்கோல், ஏனென்றால் வெறும் பனியில் கால் வைக்கக் கோழிக்குப் பிடிக்காது, ஒற்றைக் காலில் நின்று முறைக்கும்.

வாஸலைன் விஷயம். கொண்டையில் தடவினால் பனிக்கடி வராது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்வது. அது சூடு தரும் பொருள் இல்லை. மேலே ஒரு மெல்லிய படலமாக நின்று ஈரம் நேரே தோலில் படாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். மைனஸ் 30 காற்றை அந்தப் படலம் தடுக்காது. லெகார்ன் இரண்டில் ஒன்றுக்குத் தடவினேன், மற்றதற்கு விட்டுவிட்டேன், இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. தடவப்பட்டது கூளத்தில் தலையைத் தேய்த்து மரச்சீவல் ஒட்டிய கிரீடத்தோடு திரிந்தது. அம்மாவின் யோசனை தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழேயே கட்டியாகிவிடும், எங்கள் சமையலறை அலமாரியிலேயே நவம்பர் முதல் கல்.

இவ்வளவும் முடித்தபின் ஈரப்பதமானி வெளியே காட்டியதைவிட நாலைந்து சதவீதம்தான் அதிகம் காட்டியது. ஆணி முனைகள் காய்ந்து கிடந்தன. உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட மூன்று நான்கு டிகிரி மட்டும் கூடுதல். மைனஸ் 31 போன ஜனவரி இரவில் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், எல்லாம் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு பந்து பந்தாக உட்கார்ந்திருந்தன. லெகார்ன் ஒன்றுக்கு மட்டும் கொண்டையின் பின்முனையில் கடுகளவு கருமை வந்தது. அந்தக் கொண்டை சரிந்து தொங்குவதால் இறக்கைக்குள் முழுசாக அடங்காது, அதற்கு மேல் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சாண்டெக்ளேர், வையன்டாட் இரண்டிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

சாண்டெக்ளேரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குற்றம். கியூபெக் மாகாணத்தில் மாண்ட்ரியலுக்குப் பக்கத்தில் ஓக்கா என்ற ஊரில் இருந்த மடத்தில், சகோதரர் வில்ஃபிரிட் ஷாடலான் என்ற துறவி 1900களின் தொடக்கத்தில் கலப்பு செய்து உருவாக்கிய இனம் (ஓக்கா பாலாடைக்கட்டியும் அதே மடத்துச் சரக்குதான்). கனடாவின் குளிருக்குக் கொண்டையும் தாடியும் இல்லாத, ஆனால் முட்டையும் கறியும் தருகிற கோழி வேண்டும் என்பது அவர் கணக்கு. கார்னிஷ், லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், வையன்டாட், பிளைமவுத் ராக் என்று ஐந்தை மாற்றி மாற்றிச் சேர்த்தார். 1921இல் அமெரிக்கக் கோழியினத் தரப்பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. கொண்டை என்பது உச்சந்தலையில் சின்ன மெத்தைத் துண்டு, தாடி கடுகளவு. இதில் எனக்குப் பிடித்த விஷயம், கார்னிஷ் கோழியின் பூர்வீகம் நம்மூர் அசில். சேவல்கட்டுக்கு வளர்ப்பார்களே, தலையோடு ஒட்டிய குட்டிக் கொண்டையோடு, அதே ஜாதி. அந்த அசிலின் ரத்தமும் கார்னிஷ் வழியாக இங்கே வந்து பனிக்குத் தாக்குப்பிடிக்கிறது.

ஜனவரி நடுவில் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு விருந்தாளி வந்தான். லெகார்ன் கலப்புச் சேவல், ஐந்து முனைக் கொண்டை, தொங்கும் தாடி. கடையில் பெட்டியாக வாங்கி மாட்டுகிற சின்னக் கூட்டில், திறந்த வாளித் தண்ணீரோடு இருந்திருக்கிறான். அந்த வகைக் கூடுகளில் காற்றுத் திறப்பு என்று கொடுப்பது கோழியின் மூக்குக்கு நேரே, அதுவும் உள்ளங்கை அகலம். படம் பார்க்க அழகாக இருக்கும், இந்த ஊருக்கு லாயக்கில்லை. அவர்கள் கொண்டுவந்தபோது கொண்டை நுனிகள் சாம்பல் வெளுப்பாக, தாடி இரண்டும் வீங்கித் தண்ணீர் கோத்து, வலது நடுவிரல் வெளுத்து விறைத்திருந்தது.

பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது. உறைந்த திசுவில் பனித்துகள்கள் இருக்கும், தேய்த்தால் அது உள்ளேயே கிழிக்கும். ஹேர் டிரையர், விளக்கு, அடுப்பு எதற்கும் நேரே காட்டக்கூடாது, மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். சுமார் 12 டிகிரி இருக்கும் பேஸ்மென்டில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் விட்டேன். காலை மட்டும் கையில் இளஞ்சூடாகத் தெரிகிற, 38 டிகிரி அளவு தண்ணீரில் இருபது நிமிடம், ஆற ஆற மாற்றி மாற்றி. அப்புறம் ஒற்றித் துடைத்தது. கொப்புளத்தை உடைக்கவில்லை, அதுதான் அடியில் இருக்கும் தோலுக்குக் காப்பு. நீர்த்த போவிடோன் அயோடின் ஒற்றி எடுத்தேன். வலி இருக்கும், காட்டிக்கொள்ளாது, தீவனத்தை விட்டுவிட்டுச் சுருண்டு உட்காரும். மருத்துவரிடம் காட்டி மெலாக்சிகாம் என்ற வலி மருந்து வாங்கினோம். மனிதர் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

ஒருமுறை உருகிய இடம் மறுபடி உறைந்தால் சேதம் முதலில் பட்டதைவிட மோசம், அதனால் தேறிவிட்டான் என்று வெளியே விடாமல் பனிக்காலம் முடியும்வரை உள்ளேயே வைத்துக்கொண்டோம். விடியற்காலை நாலு மணிக்குப் பேஸ்மென்டிலிருந்து கூவல், வீட்டில் என் நிலைமை என்ன என்று சொல்ல வேண்டாம். வீக்கம் மெதுவாக வடிந்தது. கொண்டை நுனிகள் கறுத்துக் காய்ந்து கட்டியாயின. கறுத்ததை வெட்டிவிடத் தோன்றும். வெட்டக்கூடாது, அது காய்ந்து தானாக உதிரும் வரை அடியில் இருக்கும் உயிருள்ள பகுதிக்கு மூடி அதுதான். ஈரமாகி, நாற்றம் எடுத்தால் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும். மார்ச்சில் ஒவ்வொன்றாக உதிர்ந்தது, முனையில்லாத மழுங்கல் கொண்டையோடு நிற்கிறான். விரல் பிழைத்தது, நகம் போனது.

மார்ச்சைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, குளிர் குறைந்துவிட்டது என்று அந்த மாதத்தில் கதவுகளை இறக்கிவிடக்கூடாது. பகலில் பூஜ்யத்துக்கு மேலே போய் எல்லாம் உருகிச் சொதசொதவென்று நனையும், இரவில் மைனஸ் 12க்கு விழும். காய்ந்த மைனஸ் 25ஐவிட இந்த ஈரமான மைனஸ் 12 கொண்டைக்கு மோசம். கூளத்தில் மேல் அடுக்கை மட்டும் எடுத்துப் புதுச் சீவல் போட்டேன், ஏப்ரல் கடைசிவரை திறப்பெல்லாம் திறந்தபடிதான். முழுக் கூளத்தையும் மே மாதம் வாரி உரக்குழிக்குக் கொண்டுபோனோம்.

பக்கத்துப் பண்ணைக்காரர் சேவலைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அவனை லெகார்ன்களோடு சேர்க்கப்போவதில்லை. பனிக்கடி பட்ட சேவலுக்குக் கொஞ்ச காலம் கரு கூடும் திறன் குறையும் என்பது ஒன்று. அதைவிட முக்கியமாக, மழுங்கியது அவன் கொண்டைதான், குஞ்சுக்கு மறுபடி அதே நெட்டைக் கொண்டைதான் வரும். தலையோடு ஒட்டியிருக்கும் ரோஜாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் ஒற்றைக் கொண்டையை அமுக்கி நிற்கும் குணங்கள் என்று மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் நூறு வருடத்துக்கு முன்பே கோழிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள். அந்தக் கணக்கில் சாண்டெக்ளேர் சேவலை லெகார்ன் பெட்டைகளோடு தனி அடைப்பில் விட்டிருக்கிறேன். முட்டைகள் இப்போது இன்குபேட்டரில் இருக்கின்றன. லெகார்ன் போல முட்டையிட்டு, சேவல் போலக் குட்டைக் கொண்டையோடு வந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு வாஸலைன் டப்பா வாங்கும் செலவும் மிச்சம்.